பெயரறியாத் தாய்மாரின் கொடை

மருத்துவ வரலாற்றைப் பற்றி நம் ஏடுகளில் எழுதப் புகும்போது, பேரறிஞர்களின் பெயர்களையே நாம் முதலில் எடுத்துக்கொள்கிறோம். இப்னு சீனாவின் ‘கானூன்’ ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் நூற்றாண்டுக்கணக்கில் பாடநூலாக விளங்கியதையும், குர்துபாவின் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி தம் ‘தஸ்ரீஃப்’ நூலின் முப்பதாம் பகுதியில் பேறுகாலச் சிக்கல்களுக்குரிய கருவிகளைப் படம் வரைந்து காட்டியதையும், அதே ஊரினரான அரீப் இப்னு ஸஅத் பத்தாம் நூற்றாண்டிலேயே கருவின் வளர்ச்சி, கருவுற்ற தாயின் பராமரிப்பு, பிறந்த சிசுவின் பேணல் ஆகியவற்றுக்கென்றே தனி நூல் யாத்ததையும் பெருமையோடு நினைவுகூர்கிறோம். அந்தப் பெருமை தகும்.

ஆனால் மருத்துவம் வளர்ந்தது மருத்துவர்களால் மட்டுமன்று. நோயுற்றவர்களின் உடலும், அவர்கள் வாய் திறந்து சொன்ன சொல்லும் இல்லையேல் எந்த ஆராய்ச்சியும் ஓரடி நகர்ந்திராது. இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பது அத்தகையதொரு வரலாறு. இதன் நாயகியர் பம்பாய் நகரின் நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்து, பிள்ளை சுமந்து, வெளிறி, மூச்சிரைத்து, பலர் பிள்ளையின் முகம் காணாமலே கண்மூடிய ஏழை முஸ்லிம் பெண்கள். அவர்களுடைய பெயர்கள் வரலாற்றில் இல்லை. ஆயினும் இன்று உலகெங்கும் கருவுற்ற பெண்களின் கையில் வைக்கப்படும் ஒரு சிறு மாத்திரையின் கதை அவர்களிடமிருந்தே தொடங்குகிறது. அந்த மாத்திரை நம் வீடுகளிலும் இருக்கிறது. பல வீடுகளில் அலமாரியில் பிரிக்கப்படாமலே இருக்கிறது. ஆகையால் இதைப் பழங்கதை என்று தள்ளிவிடுவதற்கில்லை. இது நம் வீட்டுச் செய்தியுமாகும்.

வெளிறிய முகங்கள்

சென்ற நூற்றாண்டின் இருபதுகளில் நெசவாலைகளின் நகரமாகப் பம்பாய் விளங்கிற்று. அங்குள்ள பேறுகால மருத்துவமனைகளில் ஒருவகைச் சோகை மருத்துவர்களைத் திகைக்க வைத்தது. கருவுற்ற பெண்ணுக்கு, மாதங்கள் ஏற ஏற, முகமும் நாவும் வெளிறும், கால் வீங்கும், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். இரத்தத்தை நுண்பெருக்கியில் வைத்துப் பார்த்தால் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் மிகக் குறைந்தும், உருவில் இயல்புக்கு மாறாகப் பெருத்தும் காணப்படும். இரும்புச் சத்துக் குறைவால் வரும் சோகையில் அணுக்கள் சிறுத்துப்போகும். இங்கோ அவை பருத்திருந்தன. எனவே இது வேறொரு நோய் என்பது மட்டும் தெளிவாயிற்று.

இதே போன்ற பருத்த அணுக்கள் மேனாட்டில் ‘கொடுஞ்சோகை’ எனப்பட்ட நோயிலும் காணப்பட்டன. ஆளைக் கொன்றே தீரும் என்று கருதப்பட்ட அந்நோய்க்கு, ஈரலை மிகுதியாக உண்ணக் கொடுத்தால் குணம் தெரிகிறது என்று 1926இல் அமெரிக்க மருத்துவர்களான மைனாட், மர்ஃபி ஆகிய இருவரும் அறிவித்தனர். 1934இல் விப்பிள் என்பாருடன் சேர்த்து அவர்களுக்கு நோபல் பரிசும் கிட்டியது. ஆனால் ஈரல் ஏழைக்கு எட்டும் மருந்தன்று. மேலும் பம்பாய்ப் பெண்களின் நோயும் மேனாட்டு நோயும் ஒன்றுதானா என்பதே கேள்வியாக இருந்தது.

அக்காலத்தில் இந்தியாவில் தாய்மாரின் இறப்புக்குக் காரணங்களை ஆராயும் பணியில் ஈடுபட்டிருந்தவர் டாக்டர் மார்கரெட் பால்ஃபர் என்னும் பெண் மருத்துவர். இந்தியப் பெண்களுக்கான மருத்துவப் பணியில் நெடுங்காலம் உழைத்தவர். இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கத்தின் ஆதரவில், பம்பாய் பரேலிலுள்ள ஹாஃப்கின் நிறுவனத்தில் இவ்வாராய்ச்சி நடைபெற்றது. அதில் சோகையைத் தனியே எடுத்து ஆராய இங்கிலாந்திலிருந்து ஒரு பெண்மணியை 1928இல் அழைத்தார்கள். அவர்தாம் லூசி வில்ஸ்.

லூசி வில்ஸ் 1888இல் பர்மிங்ஹாம் நகரை அடுத்த சட்டன் கோல்ட்ஃபீல்ட் என்னும் ஊரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் கல்லூரியில் தாவரவியலும் நிலவியலும் பயின்றார். அக்காலத்தில் பெண்கள் அங்கே தேர்வு எழுதலாம், தேறலாம், ஆனால் பட்டம் பெறல் இயலாது. பின்னர் லண்டன் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1920இல் தம் முப்பத்திரண்டாம் வயதில் மருத்துவரானார். நோயாளிகளுக்கு மருந்தெழுதும் தொழிலை நாடாமல், ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் கருவுற்ற பெண்களின் உடலில் நிகழும் மாற்றங்களை ஆராய்ந்து வந்தார். தாவரம் பயின்றவர் தாய்மாரின் இரத்தத்தை ஆராய வந்தது தற்செயல். இறுதியில் அந்த நோய்க்கு விடை ஓர் இலையில் கிடைத்ததை எண்ணும்போது, அத்தற்செயலும் வியப்பாகவே தோன்றுகிறது.

“நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள்?”

பம்பாய் வந்த வில்ஸ் நோய்க்கிருமி காரணமாக இருக்குமோ என்றும் பார்த்தார். அதனோடு நில்லாமல், மேத்தா, தல்படே முதலிய இந்திய உடன்பணியாளர்களின் துணையோடு, பெண்களின் உணவையும் வாழ்நிலையையும் கணக்கெடுக்கத் தொடங்கினார். எந்த வகுப்பினர், என்ன வருவாய், எத்தகைய வீடு, என்ன சமைக்கிறார்கள், அதில் பெண்ணின் பங்குக்கு வருவது என்ன என்பனவெல்லாம் கேட்டறியப்பட்டன.

இக்கேள்வி மிக எளியது. ஆனால் அதைக் கேட்க ஒருவருக்குப் பணிவு வேண்டும். அன்றைய ஆங்கிலேய எழுத்துக்களில் முஸ்லிம் பெண்களின் பேறுகாலத் துன்பங்களுக்கெல்லாம் பர்தாவையே காரணமாகக் காட்டும் போக்கு மிகுந்திருந்தது. அதில் உண்மையே இல்லை என்று நாம் வாதாட வரவில்லை. வெயில் சிறிதும் படாத இருட்டு வீட்டில் ஆண்டுக்கணக்கில் அடைந்து கிடந்தால் எலும்பு மெலியும். இடுப்பெலும்பு கோணினால் பிரசவம் அபாயமாகும். இதனை மருத்துவம் ஒப்புகிறது. ஆனால் எல்லா நோய்க்கும் ஒரே காரணத்தைச் சுட்டிவிட்டு ஓய்ந்துவிடுவது ஆராய்ச்சியன்று. வில்ஸ் அவ்வாறு ஓயவில்லை. அவர் அடுப்பங்கரையைப் பார்த்தார்.

கணக்கெடுப்பின் முடிவு தெளிவாக இருந்தது. உணவில் மிகுந்த குறைபாடு உடையவர்களும், இந்தச் சோகைக்கு மிகுதியாக ஆளானவர்களும் ஒரே கூட்டத்தினராக இருந்தனர். அவர்கள் ஏழை முஸ்லிம் பெண்கள். ஆகவே நோயின் வேர் உண்ணாத உணவிலேதான் இருக்கவேண்டும் என்ற முடிவுக்கு வில்ஸ் வந்தார்.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்கவேண்டும். ‘ஏழை முஸ்லிம் பெண்கள்’ என்று ஆராய்ச்சியாளர் எழுதிய அந்த மூன்று சொற்களுக்குள் எத்தனை குடும்பங்கள் இருந்தன! கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறிவிட்டு, சட்டியில் ஒட்டியிருந்ததைத் தின்று எழுந்த கைகள் எத்தனை! அந்நிய நாட்டுப் பெண்ணொருத்தி வந்து, ‘நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள்?’ என்று கேட்டபோது, அதற்கு முன்பு அந்தக் கேள்வியைத் தம் வீட்டில் எவரேனும் கேட்டிருந்தனரா என்பதையும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

எலி, குரங்கு, ஈஸ்ட்

காரணம் உணவுதான் என்றால், எந்த உணவில் எந்தச் சத்து? வில்ஸ் ஏழைப் பெண்களின் உணவை ஒத்த தீவனத்தை வெள்ளெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவற்றுக்குச் சோகை கண்டது. சினையுற்ற எலிகள் குட்டி ஈனுமுன்பே மாண்டன. தீவனத்தோடு ஈஸ்ட்டைச் சேர்த்தபோது அவை தப்பின. ஆனால் எலிகளின் சோகைக்குப் பேன்வழிப் பரவும் ஒரு தொற்றும் காரணமாயிருக்கலாம் என்பது பின்னர்த் தெரியவந்தது. எனவே எலிகளை மட்டும் நம்பி முடிவு கூறுவதற்கில்லை என்றாயிற்று. பிறகு குரங்குகளுக்கு அதே வகை உணவைக் கொடுத்து, பருத்த அணுக்களையுடைய சோகையை அவற்றிடமும் வரவழைத்துக் காட்டினர் வில்ஸும் உடன்பணியாளரான பிலிமோரியாவும்.

மருந்தாக அவர் எடுத்துக்கொண்டது ‘மார்மைட்’ என்னும் கறுத்த, உப்புக் கரிக்கும் குழம்பு. இங்கிலாந்தில் ரொட்டியில் தடவித் தின்பது. ஈஸ்ட்டிலிருந்து பிழிந்தெடுத்த சாறு அது, விலை மலிவு. பியர் வடிக்கும் ஆலைகளில் எஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து இச்சாறு எடுக்கப்படுவது கண்டு நம் வாசகர்கள் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். குணமளித்தது மதுவன்று, ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரினுள் இருந்த சத்தே ஆகும். அச்சத்து நம் கொல்லைக் கீரையிலும் உண்டு என்பதைக் கீழே காண்போம்.

வைட்டமின் ஏ, சி முதலியன கொடுத்துப் பயன் காணாத பெண்களுக்கு இந்தச் சாற்றைக் கொடுத்தபோது விளைந்தது மருத்துவர்களையே வியப்பில் ஆழ்த்தியது. சில நாட்களிலேயே இரத்தத்தில் இளம் சிவப்பணுக்கள் திரளாகத் தோன்றின. எழுந்து உட்கார மாட்டாதிருந்தவர்கள் உணவு கேட்கலாயினர். இம்முடிவுகளை 1931 ஜூன் மாதம் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் வில்ஸ் வெளியிட்டார். ஈஸ்ட்டிலிருந்த அப்பொருள் இன்னதென்று அவருக்கே தெரியாது. ஆகவே உலகம் அதனை ‘வில்ஸ் காரணி’ என்று அழைத்தது.

அவருடைய ஆராய்ச்சி பம்பாயோடு நின்றுவிடவில்லை. 1929ஆம் ஆண்டின் கோடையிலும் அதை அடுத்த மாதங்களிலும் அவர் நீலகிரி குன்னூரிலுள்ள பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றினார். உணவியல் ஆராய்ச்சியில் பேர்பெற்ற ராபர்ட் மக்காரிசன் அப்போது அங்கிருந்தார். குன்னூரில் அவர் வளர்த்த அந்த ஆய்வுக்கூடமே பிற்காலத்தில் ஹைதராபாதுக்கு மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. 1931இன் தொடக்கத்தில் வில்ஸ் பணியாற்றிய இடமோ நம் சென்னை வாசகர்கள் நன்கறிந்தது. அதுதான் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி.

ஆண் மருத்துவரிடம் காட்ட மனமொப்பாத குலப்பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்கும் என்றே 1885இல் டாக்டர் மேரி ஷார்லீப் அம்மையாரின் முயற்சியால் தோன்றிய மருத்துவமனை அது. இன்று அதன் பெயர் அரசு கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. ஆயினும் திருவல்லிக்கேணி, ஐஸ்ஹவுஸ் பகுதிகளிலுள்ள பழைய குடும்பங்களில் அது இன்றும் கோஷா ஆஸ்பத்திரிதான். நம்மில் எத்தனையோ பேரின் உம்மாவும் பெத்தும்மாவும் பிறந்த இடம் அது. அங்கே பிரசவ வார்டில் வெளிறிய முகங்களோடு படுத்திருந்தவர்களைப் பார்த்து, உலகு தேடிக்கொண்டிருந்த ஒரு சத்தின் தடத்தை அந்தப் பெண்மணி பின்தொடர்ந்திருக்கிறார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இலையின் பெயர் பெற்ற அமிலம்

1938இல் வில்ஸும் எவன்ஸும் சேர்ந்து இன்னொரு முக்கியமான செய்தியை உறுதிப்படுத்தினர். மேனாட்டுக் கொடுஞ்சோகையைத் தீர்க்கும் நன்கு தூய்மை செய்யப்பட்ட ஈரல் சாறு, பம்பாய்ப் பெண்களின் சோகையைத் தீர்க்கவில்லை. தூய்மை செய்யாத சாறே தீர்த்தது. எனவே ஈரலில் இரண்டு வேறு சத்துக்கள் இருக்கவேண்டும். அவற்றுள் ஒன்று பின்னர் 1948இல் பி-12 எனப் பிரித்தெடுக்கப்பட்டது. மற்றொன்றுதான் வில்ஸ் காரணி.

1941இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் ஆகியோர் டன் கணக்கில் பசலையினத்தைச் சேர்ந்த கீரையை அரைத்து, வடித்து, அதிலிருந்து மிகச் சிறிதளவே கிடைத்த ஓர் அமிலத்துக்கு, இலை என்னும் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து ‘ஃபோலிக் அமிலம்’ என்று பெயரிட்டனர். வில்ஸ் காரணியும் இதுவும் ஒன்றே என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

ஆனால் டன் கணக்கில் கீரை அரைத்து ஏழைக்கு மருந்து கொடுக்க முடியாது. ஆய்வுக்கூடத்தில் செய்தாகவேண்டும். 1945இல் அதனைச் செய்து முடித்தது லெடர்லே ஆய்வுக்கூடத்தின் குழு. அக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் 1895இல் பிறந்த அவர், காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் பெறாமல் குறைந்த தகுதிச் சான்றுடனே வெளியேறியவர். அவருடைய உடன்பிறந்தார் இருவர் ‘ஸ்ப்ரூ’ என்னும் குடல்நோயால் அடுத்தடுத்து மாண்டனர். அவர் குழு செய்தளித்த ஃபோலிக் அமிலம், 1945 முதல் டாம் ஸ்பைஸ் என்னும் மருத்துவரின் கையில் பருத்த அணுச் சோகையைத் தீர்த்ததோடு, அந்த ஸ்ப்ரூவுக்கும் மருந்தாயிற்று. தம்பியும் அண்ணனும் போனபின் வந்த மருந்து! 1948இல் சுப்பாராவும் மறைந்தார்.

இருபத்தெட்டு நாட்கள்

இதுவரை கூறியது தாயின் கதை. இனி அவள் வயிற்றிலுள்ள சிசுவின் கதை. இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

ஃபோலிக் அமிலத்தின் வேலை யாது? உடலின் ஓர் உயிரணு இரண்டாகப் பிரியவேண்டுமானால், அதன் கருவிலுள்ள மரபுப்பொருள் முதலில் இரட்டிக்கவேண்டும். அதற்கு இவ்வமிலம் இன்றியமையாதது. இது இல்லையேல் அணு வளரும், பிரியாது. அதனால்தான் அப்பெண்களின் இரத்த அணுக்கள் பருத்தும் எண்ணிக்கையில் குறைந்தும் இருந்தன. மனித உடலில் அணுக்கள் மிக விரைந்து பிரியும் இடங்களுள் இரண்டை இங்குக் குறிப்பிடலாம். ஒன்று இரத்தம் ஊறும் எலும்பு மச்சை. மற்றொன்று தாயின் கருப்பையில் வளரும் கரு.

இதைக் கசப்பான முறையில் உலகம் அறிந்துகொண்டது. லெடர்லே குழுவினர் ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோன்றி, ஆனால் அதன் வேலையைத் தடுக்கும் ஒரு பொருளையும் செய்திருந்தனர். இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு அதைக் கொடுத்துத் தற்காலிகக் குணம் கண்டதாக 1948இல் பாஸ்டனின் சிட்னி ஃபார்பர் அறிவித்தார். அதே பொருள் கருவுற்ற பெண்களின் உடலில் சென்றபோது சிசுக்களின் உருவம் சிதைந்ததை 1952இல் தீர்ஷ் என்பார் எழுதினார். சத்து தடைப்பட்டால் கரு கெடும் என்பதற்கு அது எச்சரிக்கையாயிற்று.

லூசி வில்ஸ் 1964இல் காலமானார். அதே ஆண்டில் லிவர்பூலின் ஹிப்பர்ட் என்னும் பேறுகால மருத்துவர் கர்ப்பகாலத்தில் ஃபோலிக் அமிலத்தின் பங்கு குறித்து எழுதினார். அடுத்த ஆண்டு அவரும் குழந்தை மருத்துவரான ஸ்மித்தெல்ஸும் சேர்ந்து, நரம்பு மண்டலக் குறையோடு பிள்ளை பெற்ற தாய்மாரிடம் இச்சத்தின் குறைபாடு மிகுதியாகக் காணப்படுவதை எடுத்துக்காட்டினர்.

அந்தக் குறை யாது என்பதை விளக்கவேண்டும். கரு உருவான மூன்றாம் வாரத்தில் அதன் முதுகுப்புறத்தில் ஒரு தகடு தோன்றி, இருபுறமும் மடிந்து, நடுவில் சேர்ந்து குழாயாக மூடிக்கொள்கிறது. அந்தக் குழாயே பின்னர் மூளையும் தண்டுவடமும் ஆகிறது. கரு உருவாகி ஏறக்குறைய 28 நாட்களுக்குள் இவ்வேலை முடிந்துவிடுகிறது. கீழ்ப்பக்கம் மூடாது போனால், முதுகெலும்பு பிளந்த நிலையில் பிள்ளை பிறந்து, கால் செயலிழக்க நேரும். மேல்பக்கம் மூடாது போனால் மூளை வளராது, பிள்ளை பிழைக்காது. பெண்ணுக்குத் தான் கருவுற்றிருப்பதே உறுதியாகத் தெரியாத நாட்களில், அந்தப் பிள்ளையின் வாழ்வு இவ்வாறு தீர்மானமாகிவிடுகிறது.

ஸ்மித்தெல்ஸ் 1980இல் தம் முதல் முடிவுகளை வெளியிட்டார். முன்பு இத்தகைய பிள்ளை பெற்ற தாய்மாரில், கருவுறுமுன்பே ஃபோலிக் அமிலம் உள்ளிட்ட வைட்டமின்களை உட்கொண்டவர்களின் 178 கர்ப்பங்களில் 1 மட்டுமே குறையுற்றது. உட்கொள்ளாதவர்களின் 260இல் 13 குறையுற்றன. ஆயினும் அறிஞர்கள் சிலர் ஐயுற்றனர். வைட்டமின் உண்ண முன்வந்தவர்கள் இயல்பாகவே தம் உடலைப் பேணுபவர்களாக இருந்திருக்கலாமன்றோ? சீட்டுப் போட்டது போலப் பெண்களைப் பிரித்து, ஒரு பிரிவுக்குச் சத்தும் மற்றொரு பிரிவுக்கு வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தாலன்றி உண்மை விளங்காது என்றனர். நல்லதென்று தோன்றும் மருந்தை ஒரு தாய்க்கு மறுப்பது அறமாகுமா என்று மற்றவர்கள் கேட்டனர். இரு கேள்விகளிலும் நியாயம் இருந்தது.

முடிவில் 1983இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அச்சோதனையைத் தொடங்கிற்று. 7 நாடுகளில் 33 மையங்கள், 1,817 பெண்கள். பேராசிரியர் நிக்கலஸ் வால்ட் அதனை நடத்தினார். 1991இல் கணக்குப் பார்த்தபோது 27 கருக்கள் குறையுற்றிருந்தன. அவற்றுள் ஃபோலிக் அமிலம் பெற்ற தாய்மாருடையவை 6, பெறாதோருடையவை 21. நூற்றுக்கு எழுபத்திரண்டு பங்கு ஆபத்து நீங்கியது. இனிமேலும் ஒருவருக்கு மறுப்பது தகாது என்று சோதனை அப்போதே நிறுத்தப்பட்டது. வில்ஸுக்கு ஆதரவளித்த அந்தப் பழைய சங்கத்தின் வாரிசான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இங்கு நடத்திவந்த சோதனையும் அவ்வாண்டே நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டில் ஹங்கேரியின் செய்ஸெல், இத்தகைய பிள்ளையை முன்பு பெறாத தாய்மாருக்கும் இச்சத்து காவலாகும் என்று நிறுவினார். 1998 முதல் அமெரிக்காவில் மாவிலேயே இதனைக் கலப்பது சட்டமாயிற்று.

நம் கடன்

பம்பாயில் ஒரு கேள்வியாகத் தொடங்கியது, மதராஸ், லண்டன், டெக்சாஸ், லிவர்பூல் என்று உலகைச் சுற்றி, ஒரு மாத்திரையாக நம் தெருவின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே திரும்பி வந்துவிட்டது. 1970 முதல் இந்திய அரசு கருவுற்ற பெண்களுக்கு இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையை வழங்கிவருகிறது. விலை கொடுத்து வாங்கவேண்டியதில்லை. இருந்தும் 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், இந்தியாவின் கருவுற்ற பெண்களில் நூற்றுக்கு 52 பேர் சோகையுற்றிருந்தனர். வில்ஸ் வந்துபோய்த் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்பும் இதுவே நிலை!

குறை எங்கே இருக்கிறது? ஒரு பகுதி வறுமையில். ஒரு பகுதி நம் வீட்டுப் பழக்கத்தில். ‘மாத்திரை தின்றால் பிள்ளை கறுத்துவிடும்’, ‘பிள்ளை பெருத்துப் பிரசவம் கடினமாகும்’ என்று சொல்லிப் பெட்டியில் போட்டுவைக்கும் மாமியார்களை நாம் அறிவோம். அவர்கள் கொடியவர்கள் அல்லர். அவர்களுக்கு அப்படித்தான் சொல்லித்தரப்பட்டது. குமட்டலுக்கு அஞ்சி மருமகள் விட்டுவிடுவதும் உண்டு. எல்லோரும் உண்டபின் கடைசியில் உண்ணும் பழக்கமோ, பாசத்தின் அடையாளமென்று இன்னும் பல வீடுகளில் போற்றப்படுகிறது. அந்தப் பாசத்துக்கு விலை கொடுப்பது வயிற்றுச் சிசு என்பதை நாம் எண்ணுவதில்லை.

இதனினும் பெரிய குறை காலத்தைப் பற்றியது. இரும்பு மாத்திரை நாலாம் மாதத்தில் தொடங்குகிறது. அது தாயின் சோகைக்கு மருந்து, அவசியமானது. ஆனால் சிசுவின் நரம்புக்குழாய் மூடுவதோ முதல் 28 நாட்களில். ஆகையால்தான் கருவுற எண்ணும் பெண் அதற்கு முன்பிருந்தே, முதல் மூன்று மாதம் முடியும்வரை, நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உட்கொள்ளவேண்டும் என்று அரசின் நெறிமுறையே கூறுகிறது. முன்பு குறையுற்ற பிள்ளை பெற்றவர்களுக்கு இதனினும் மிகுந்த அளவு தேவை. அதை மருத்துவர் தீர்மானிப்பார். பி-12 குறைபாடு உள்ளவர்க்கு ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் சோகை மறைந்து நரம்புக் கேடு உள்ளுக்குள் வளரக்கூடுமாதலால், வெளிறல் கண்டவர்கள் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளல் நலம்.

அப்படியானால் இச்செய்தியைச் சொல்லவேண்டிய இடம் பிரசவ ஆஸ்பத்திரியன்று. அங்கு போகும்போது காலம் கடந்துவிடுகிறது. நிக்காஹ் நிச்சயமான வீட்டில் சொல்லவேண்டும். நகைக்கும் பட்டுக்கும் விருந்துக்கும் கணக்குப் போடும் நாம், மணப்பெண்ணின் இரத்தத்தில் சத்து இருக்கிறதா என்று ஒருமுறை பார்க்கக் கூடாதா? முருங்கைக்கீரையும் அரைக்கீரையும் பருப்பும் பயறும் நம் ஊரில் கிடைக்காத பொருள்களா? அவற்றையும் வெகுநேரம் கொதிக்கவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் சத்தில் பெரும்பகுதி அதனோடு போய்விடும். கீரை உணவாகட்டும், மாத்திரை காவலாகட்டும். ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

இன்னொன்றையும் சொல்லாமல் முடிக்க மனமில்லை. குறையோடு பிள்ளை பிறந்த வீட்டில் தாயையே பழிப்பது நம்மிடம் உண்டு. கிரகணத்தில் வெளியே வந்தாள் என்பர், கண்ணேறு என்பர், அவள் ராசி என்பர். இந்நோயின் வரலாறு நமக்குச் சொல்வது வேறு. பல சமயங்களில் அது ஒரு சத்தின் குறைவு; சில சமயங்களில் அச்சத்தை முறையாக உட்கொண்டவளுக்கும் நேர்வது. இரண்டிலும் அவள் குற்றவாளியல்லள். அந்தப் பிள்ளைக்கு நல்ல சிகிச்சையும், அந்தத் தாய்க்கு அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே உரிய மருந்தும் கிடைக்கச் செய்வதே வீட்டாரின் கடமை.

பம்பாயின் அந்தத் தாய்மார் தம் இரத்தத்தின் சில துளிகளையும், தம் அடுப்பங்கரையின் வறுமையையும் ஒளிக்காமல் சொன்னார்கள். அதனால் அறிமுகமில்லாத நாடுகளில் எத்தனையோ குழந்தைகள் நேராக நிமிர்ந்து நடக்கிறார்கள். அவர்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்ப நம்மிடம் பெயர்கூட இல்லை. ஆனால் இன்றிரவு சோறு பரிமாறும் வேளையில் வீட்டிலுள்ள பெண்ணை முதலில் உட்காரச் சொல்லி, “நீ என்ன சாப்பிட்டாய்?” என்று கேட்பதற்குப் பெயர் எதுவும் தேவையில்லை. அதை நம் வீட்டு ஆண்கள் கேட்கட்டும்.